கார் குடியிருக்கும் விலாசம்

ஏறுங்கோ தங்கச்சி, ஏறுங்கோ. பயப்பிடாதேங்கோ, நானும் தமிழ்தான். உங்கட கையிலை இருக்கிற கடைப் பையைப் பாத்துத்தான் நிப்பாட்டினனான். ஞாயிற்றுக்கிழமை பஸ்சை நம்பி இந்தக் குளிருக்குள்ளை நிண்டால் மனுசர் விறைச்சுப் போவினம். எங்கை, மார்க்கம் ஆஸ்பத்திரிக்கோ? அப்ப சரி, நான் அந்தப் பக்கத்தாலைதான் போறன். கதவைச் சாத்துங்கோ. இன்னும் இறுக்கி. இந்த வானுக்கு மெல்லச் சாத்தினால் விளங்காது.

அந்தச் சட்டியைத் தூக்கி மடியிலை வைச்சிருங்கோ, குறை நினையாதேங்கோ. நண்டுக் குழம்பு. போன கிழமை பின்சீற்றிலை வைச்சுக்கொண்டு போய் ஒரு பிரேக் அடிச்சன், சீற்று முழுக்கக் குழம்பு. எங்கட மனுசன் அண்டையிலை இருந்து மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வேலைக்குப் போறார். மூடி இறுக்கம்தான், ஆனாலும் சரிக்காதேங்கோ.

பெல்ற் போட்டாச்சோ? இழுத்துப் பாருங்கோ. நான் வலு கெட்டிக்காரி எண்டு நினைச்சு ஏறியிருந்தால் இப்பவே சொல்லிப்போடுறன், அப்பிடி இல்லை. ஆனால் என்ரை ரெக்கோட் தங்கம். நான் சொல்லேல்லை, இன்சூரன்ஸ் புரோக்கர் சொன்னவர். "அக்கா, பதினெட்டு வருசமா ஒரு அக்சிடென்ற் இல்லை, ஒரு ரிக்கற் இல்லை. உங்களை மாதிரி ஒரு ட்ரைவர் இந்த ஒன்ராரியோவிலையே இல்லை" எண்டு. எப்பிடி இருக்கும்? அந்தப் பதினெட்டு வருசமும் நான் ஸ்ரியறிங்கைத் தொட்டதே இல்லை! லைசென்ஸ் எடுத்த அதே மாரியிலை, பனி வழுக்கி, கார் ஒண்டரைச் சுத்துச் சுத்தி வந்த பாதையைப் பாத்துக்கொண்டு நிண்டுது. ஒண்டிலையும் முட்டேல்லை. எண்டாலும் அண்டைக்கே கார்த் திறப்பை மனுசனிட்டைக் குடுத்துப்போட்டன். பிறகு லைசென்ஸ் எனக்கு பாங்கிலையும் தபால் கந்தோரிலையும் முகத்தைக் காட்டத்தான். ஓடாத எனக்கு இன்சூரன்ஸ் மலிவு. ஒழுங்கா ஓடுற என்ரை பிள்ளைக்கு யானை விலை. இது என்ன நியாயம் எண்டு சொல்லுங்கோ.

கொஞ்சம் பொறுங்கோ. வலப்பக்கம் ஆரும் வருகினமோ? வடிவாப் பாருங்கோ. இல்லையோ? சரி.

என்ரை மகளைப் பற்றித்தான் சொல்ல வந்தனான். யதுசா. ஒரே பிள்ளை. இருபத்தொரு வயசு. வயது போன ஆக்களைப் பராமரிக்கிற படிப்புப் படிச்சு முடிச்சு, போன வருசம் முதியோர் இல்லம் ஒண்டிலை வேலை எடுத்தவள். எங்கை எண்டு நினைக்கிறியள்? போட் பெரியிலை! ஸ்காபரோவிலை இருந்து கார் ஓடி ஒரு மணித்தியாலம். அங்காலை வாவி, இங்காலை வயல். "ஏன் பிள்ளை, ஸ்காபரோவிலை கிழடுகள் இல்லையோ?" எண்டு கேட்டன். இஞ்சை முழுநேர வேலை இல்லையாம். எங்கட வீட்டிலை இருந்து ரெண்டு பஸ் தரிப்புத் தள்ளி ஒரு பெரிய இல்லம் இருக்குது, ஆள் தேவை எண்டு வாசலிலை மாசக்கணக்கா எழுதித் தொங்கவிட்டிருந்தவங்கள். அதையும் சொன்னன். "அது சரிவராது அம்மா" எண்டாள். பிள்ளை ஒண்டு சொன்னால் காரணம் இருக்கும். நான் பிறகு கேக்கேல்லை.

வேலை விடிய ஏழு மணிக்கு. முதல் மூண்டு மாசமும் பாப்பினமாம். பிந்திப் பிந்திப் போனால் வீட்டை அனுப்பிப்போடுவினம். அந்த நேரத்திலை அங்கை போறதுக்கு பஸ் எண்டு ஒண்டு கிடையாது. கார் வேணும். அவளிட்டை லைசென்ஸ் இருக்கு. ட்ரைவிங் ஸ்கூலுக்கு ஒழுங்காப் போய், முதல் தரமே பாஸ் பண்ணினவள்.

கார் கிடைக்கிறது பெரிய வேலையா இருக்கேல்லை. இவர் இரவிலை கந்தோருகள் துப்புரவாக்கிற வேலை. இவரின்ரை சூப்பர்வைசர் தன்ரை பழைய கொறொல்லாவை மலிவாத் தந்தவர். வெள்ளைக் கார். நான் தேசிக்காயும் வாங்கி வைச்சிட்டன். ரயருக்குக் கீழை வைச்சு நசிச்சுப்போட்டுப் பிள்ளை ஓட வேண்டியதுதான் மிச்சம் எண்டு நினைச்சன். பிறகுதான் இன்சூரன்ஸ் எடுக்கப் போனம்.

தங்கச்சி, கார் வாங்கின காசை விட ஒரு வருச இன்சூரன்ஸ் கூட. நான் பகிடிக்குச் சொல்லேல்லை. சின்ன வயசாம், புது லைசென்ஸாம், ஸ்காபரோ விலாசமாம். மூண்டும் குற்றம். சின்ன வயசிலை லைசென்ஸ் எடுக்காமல் அறுபது வயசிலையோ எடுக்கிறது? அது மட்டுமில்லை. வீட்டிலை லைசென்ஸ் வைச்சிருக்கிற எல்லாரின்ரை பேரையும் சொல்லவேணுமாம். அவளின்ரை பேரைச் சொன்ன உடனை இந்த வானுக்கும் ஏத்திப்போட்டாங்கள். அவள் இந்த வானின்ரை திறப்பைக்கூடத் தொட்டதில்லை!

நான் விட்டனானோ? விடேல்லை. எனக்கு இங்கிலீசு மட்டு. ஒன்பதாம் வகுப்போடை இடம்பெயர்ந்தது, பிறகு பள்ளிக்கூடமே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு கொம்பனிக்கும் நான்தான் அடிச்சன். அடுப்பிலை சோறு, காதிலை ரெலிபோன். முதல்லை மெசின் கதைக்கும், பிறகு பாட்டுப் போடுவான், பாட்டு முடிய வேறை ஒரு பாட்டு. சோறு குழைஞ்சாப் பிறகுதான் ஆள் வரும். ஒருத்தி கேட்டாள், மகள் வருசத்துக்கு எவ்வளவு தூரம் ஓடுவாள் எண்டு. "வேலைக்குப் போவாள், நேர வீட்டை வருவாள், வேறை ஒரு இடமும் போகமாட்டாள்" எண்டன். அவள் சிரிச்சவள். எனக்குக் கோபம் வந்திட்டுது. "மகளோடை கதைக்கலாமோ?" எண்டாள். "என்னோடையே கதை" எண்டன். "மன்னிக்கோணும், காருக்குச் சொந்தக்காரி அவள்தானே?" எண்டாள். நான் தாய், அவள் எனக்குச் சொல்லித் தாறாள் சொந்தக்காரி ஆர் எண்டு.

யதுசா எனக்கு முன்னாலை ரெலிபோனிலை கதைக்கிறேல்லை. கூச்சம். குளிக்கிற அறைக்குள்ளை போய்ப் பைப்பைத் திறந்துவிட்டிட்டுத்தான் கதைப்பாள்.

பின்னாலை நிக்கிறவன் ஏன் ஹோர்ன் அடிக்கிறான்? பச்சை விழுந்திட்டுதோ? ஓ, விழுந்திட்டுது. போறன், போறன், அவசரமெண்டால் மேலாலை பறந்து போ.

அந்த நாளிலை இவர்தான் அவளை ஏத்தி இறக்கினவர். இரவு முழுக்க வேலை செய்துபோட்டு, வீட்டை வந்து, உடுப்பும் மாத்தாமல் அவளை ஏத்திக்கொண்டு போட் பெரி. நான் விடியவிடிய சாமிப்படத்துக்கு முன்னாலை. ஒரு நாள் சிவப்பு விளக்கிலை நிண்டவர், தலை ஸ்ரியறிங்கிலை விழுந்திட்டுது. விளக்கு மாறினதும் தெரியாது. பிள்ளைதான் தட்டி எழுப்பினது. அண்டைக்கு அவள் வந்து தேப்பனைப் பாத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "இனி அப்பா வரக்கூடாது. கார் இல்லையெண்டால் நான் வேலையை விடுறன்" எண்டாள். முதல் வேலை, தங்கச்சி. அங்கத்தைக் கிழவியள் அவளின்ரை பேரைச் சொல்லத் தெரியாமல் "யாயா, யாயா" எண்டு கூப்பிடுங்களாம். அதுகளைப் பற்றிக் கதைக்கேக்கை முகம் வேறை மாதிரி இருக்கும். அதை விடப்போறன் எண்டு சொல்ல எனக்கு வயிறு எரிஞ்சுது.

அதாலைதான் முதல் சொன்ன இன்சூரன்ஸ் புரோக்கர் கேதீஸ்வரனிட்டைப் போனனாங்கள். தமிழ்ப் பேப்பரிலை பாத்திருப்பியள், ரை கட்டிக்கொண்டு சிரிச்சுக்கொண்டு நிப்பார், "உங்கள் குடும்பத்தில் ஒருவன்" எண்டு கீழை போட்டிருக்கும். சீலைக் கடைக்கு மேலை கந்தோர். என்ரை லைசென்ஸை வாங்கிப் பாத்துப்போட்டுத்தான் அந்தத் தங்கக் கதை சொன்னவர். "அக்கா, காரை உங்கட பேரிலை போடுங்கோ. ஓடுறது நீங்கள் எண்டு எழுதுவம். பிள்ளை இடைக்கிடை கடைக்குக் கொண்டு போவாள், அவ்வளவுதான்."

எனக்கு நெஞ்சுக்குள்ளை பால் வாத்த மாதிரி. யதுசாவைத் திரும்பிப் பாத்தன். அவள் கேக்கிறாள், "அம்மா எங்கை ஓடுறா?"

"ஓடத் தேவையில்லை தங்கச்சி, எழுதுறதுதான்" எண்டு அவர் அவளுக்குச் சொன்னார்.

"அப்ப அது பொய்தானே?"

கேதீஸ்வரன் சிரிச்சுப்போட்டு, "இது பொய் இல்லை, வழக்கம்" எண்டார்.

எனக்கு வெக்கமாப் போச்சு. வளர்த்த முறையைக் குறை சொல்லுவாங்களோ எண்டு. அவள் சின்னனிலை இருந்தே அப்பிடித்தான். மாமி வீட்டை சாப்பிடப் போனால், "எப்பிடி பிள்ளை கறி?" எண்டு கேட்டால், "உப்புக் கூடிப்போச்சு" எண்டு மூஞ்சிக்கு முன்னாலை சொல்லும். எத்தினை தரம் கிள்ளியிருப்பன். பொய் சொல்லச் சொல்லேல்லை, வாயைத் திறக்காமல் இரு எண்டுதான் சொன்னனான். கேட்டால் சொல்லிப்போடும். கேக்காட்டிச் சொல்லாது. அதுதான் அவளின்ரை குணம்.

படியாலை இறங்கேக்கை சொல்லுறாள், "அம்மா, உங்கட பேரிலை போடலாம். ஆனால் நீங்கள் ஓடவேணும். அப்ப அது பொய் இல்லை."

விசர் கதை எண்டு நினைச்சன். ஆனால் அவள் விடேல்லை. அடுத்த சனிக்கிழமையே மூடிக் கிடக்கிற ஒரு பெரிய கடையின்ரை பார்க்கிங்குக்கு இதே வானிலை கூட்டிக்கொண்டு போய், ஸ்ரியறிங்கிலை என்னை இருத்திப்போட்டு, தான் பக்கத்திலை. இப்ப நீங்கள் இருக்கிற சீற்றிலை. "பயப்பிடாதேங்கோ அம்மா. மெல்ல. கண்ணாடியைப் பாருங்கோ. திரும்பித் தோளுக்கு மேலாலையும் பாருங்கோ." ஒருக்காலும் கத்தேல்லை. நான் அவளோடை ஏறினால் குய்யோ முறையோ எண்டு கத்துவன். அவள் ஓடேக்கை இல்லாத பிரேக்கை நான் காலாலை மிதிச்சு மிதிச்சு, கீழை கிடந்த ரப்பர் விரிப்பிலை ஓட்டையே விழுந்திட்டுது. அவள் எனக்குப் பொறுமையாச் சொல்லித் தந்தாள். அப்பிடித்தான் இந்த வயசிலை நான் திரும்ப ஓடத் துவங்கினது. பகலிலை, உள்றோட்டாலை, மழை பனி இல்லாட்டில் ஓடுவன். விடிய இருட்டுக்குள்ளை போட் பெரிக்கு ஓட ஏலுமோ? ஏலாது. அந்தக் கதை அதோடை சரி.

பிறகுதான் எனக்கு மூளை வேலை செய்தது. என்ரை தலையிலை நானே மண் அள்ளிப் போட்டது அப்பதான்.

கோயிலிலை மாலினி எண்டு ஒரு ஆள். எல்லாத்துக்கும் ஒரு குறுக்குவழி வைச்சிருப்பா. "என்ன நீர், ஸ்காபரோ விலாசத்தைக் குடுத்தால் உரிக்கத்தானே செய்வாங்கள்? சின்ன ஊர் விலாசம் ஒண்டு குடும். என்ரை மோன்ரை கார் பீற்றர்பரோவிலைதான் குடியிருக்கு. அவன் பீற்றர்பரோவைக் கண்ணாலையும் காணேல்லை" எண்டா. பக்கத்திலை நிண்ட ரெண்டு பேரும் தலையாட்டுகினம். ஒருத்தற்றை கார் லின்ட்சேயிலை, மற்றவற்றை கார் கிங்ஸ்ரனிலை. சாமி சுத்தி வர முன்னம் எனக்கு விளங்கிட்டுது, எங்கட சனத்தின்ரை கார் பாதி ஊர்விட்டு ஊர் போய்க் குடியிருக்குது, சனம்தான் ஸ்காபரோவிலை கிடக்குது.

எங்களுக்கு அங்காலை சொந்தக்காரர் இல்லை. ஆனால் யதுசாவோடை வேலை செய்யிற மரிசெல் எண்ட பிலிப்பைன்ஸ் பிள்ளை இருக்கு. புருசனும் பிள்ளையளுமா போட் பெரியிலை வீடு வாங்கி, கீழ் அறையள் வாடகைக்கு விடுறது. எனக்குப் பளிச்செண்டு வந்திட்டுது. அண்டு இரவு சாப்பாட்டிலை சொன்னன்.

"பிள்ளை, மரிசெலைக் கேள். கடிதம் வாறதுக்கு மட்டும் அந்த விலாசம். போட் பெரி எண்டால் எவ்வளவு குறையும் தெரியுமோ? கேதீஸ்வரனிட்டை இப்பத்தான் கேட்டனான். பாதிக்குப் பாதி!"

அவள் புட்டைப் பிசைஞ்சாள். பிறகு கேட்டாள், "அந்த விலாசமெண்டால் சரியோ அம்மா?"

"சரியோ எண்டு? அதை விட்டால் வேறை வழியே இல்லை."

"நீங்கள்தான் சொல்லுறியள்."

"ஓம், நான்தான் சொல்லுறன்."

இவர் என்னைப் பாத்தவர். ஒண்டும் சொல்லேல்லை. இவர் எப்பத்தான் சொன்னவர்.

அடுத்த கிழமை வேலையாலை வாறன், அவளின்ரை அறைக்குள்ளை பெரிய சூட்கேஸ் திறந்து கிடக்குது. உடுப்பெல்லாம் கட்டிலிலை. "எங்கை போறாய்?" எண்டன். "மரிசெல் வீட்டை. அறை எடுத்திட்டன் அம்மா."

"விலாசம்தானேடி எடுக்கச் சொன்னனான்!"

"அங்கை இருக்காமல் அங்கை இருக்கிறன் எண்டு எழுத என்னாலை ஏலாது. இருந்தால் அது பொய் இல்லை."

தங்கச்சி, நான் குளறினன். வெக்கமில்லாமல் சொல்லுறன், நிலத்திலை இருந்து குளறி அழுதன். கலியாணம் கட்டாத பிள்ளை, ஆரோ ஒருத்தியின்ரை வீட்டுக்குக் கீழை தனிய! சனம் என்ன கதைக்கும்? ஆர் அவளுக்குச் சமைக்கிறது? ஆர் எழுப்பிறது? இரவிலை அவளுக்குப் பயம். இவர் இரவு வேலை எண்டபடியாலை அவள் பிறந்து இண்டு வரைக்கும் நான் அவளின்ரை அறையிலைதான் படுக்கிறனான். லைற்றும் எரிஞ்சுகொண்டுதான் இருக்கும். இருபத்தொரு வருசமா அப்பிடித்தான். தனியப் படுத்துப் பழக்கமில்லாத பிள்ளையை இன்சூரன்ஸ்காரன் தனியப் படுக்க வைச்சிட்டான்.

"வேலையும் வேண்டாம், காரும் வேண்டாம், வீட்டிலை கிட" எண்டு சூட்கேஸுக்கு மேலை ஏறி இருந்தன். அப்பதான் இவர் வாய் திறந்தவர். "இஞ்சரப்பா, எழும்பும். போகட்டும் விடும்." அவ்வளவுதான். எழும்பினன். அந்த மனுசன் சூட்கேஸை மூடி, சிப்பு இழுத்து, காருக்குக் கொண்டுபோய் வைச்சவர். நான் வாங்கி வைச்ச தேசிக்காய் நாலும் குளிர்ப்பெட்டிக்குள்ளை கிடந்து சுருங்கிப் போச்சு. எண்டாலும் எடுத்து ரயருக்குக் கீழை வைச்சன். அவள் கண்ணாடியைப் பாத்தாள், தோளுக்கு மேலாலையும் திரும்பிப் பாத்தாள். நசிச்சுக்கொண்டு போயிட்டாள்.

அது மாசி மாசம். இப்ப கார்த்திகை.

ஹீற்றர் காணுமோ, கூட்டிவிடவோ? கைவிரல் விறைச்சிருந்தால் சட்டியைப் பிடிச்சுக்கொண்டிருங்கோ, சூடாத்தான் இருக்கும்.

ஒவ்வொரு ஞாயிறும் போறன். வேகப் பாதையிலை போகமாட்டன், இந்த ஏழாம் றோட்டாலைதான். அதுதான் உங்களை மாதிரி ஆரும் நிண்டால் ஏத்திறது, பக்கத்திலை ஒரு ஆள் இருந்தால் எனக்குத் தெம்பு. போய்ப் பாத்தால் எல்லாம் நல்லாத்தான் வைச்சிருக்கிறாள். ஜன்னலிலை ஒரு பூமரம். சமைக்கவும் பழகிட்டாள். நான் கொண்டு போற குழம்பை மரிசெலின்ரை பிள்ளையளுக்கும் குடுக்கிறாள். கொஞ்சம் சதையும் போட்டிருக்கிறாள். லைற்றை நிப்பாட்டிப்போட்டுத்தான் படுக்கிறவளாம்! "பயமில்லையோ?" எண்டு கேட்டன். "இல்லை அம்மா" எண்டாள். எனக்காகச் சொல்லுறாள் போலை. நான் இப்பவும் அந்த அறையிலைதான் படுக்கிறன், லைற்றைப் போட்டுக்கொண்டு. ரெலிபோனை ஒரு நாளைக்கு ஒருக்கா அடிச்சால் போதுமாம். முந்தி நினைச்ச நேரமெல்லாம் அடிப்பன். அவள் எங்கை நிக்கிறாள் எண்டு ரெலிபோனிலை ஒரு நீலப் பொட்டு வருமே, அதையும் நிப்பாட்டிப்போட்டாள். பற்றரி கெதியா இறங்குதாம்.

இப்ப கேளுங்கோ, என்ரை வயித்தெரிச்சலின்ரை மிச்சத்தை. ஒரு வருசம் ஒரு பிழையும் இல்லாமல் ஓடினால் இன்சூரன்ஸ் குறையும் எண்டு ஆரோ சொல்லிச்சினம். மாசியோடை வருசம் முடியுது. பிள்ளையைத் திருப்பி வீட்டை எடுக்கலாம் எண்டு சந்தோசத்திலை போன கிழமை கேதீஸ்வரனுக்கு அடிச்சன். "தம்பி, இப்ப ஸ்காபரோ விலாசத்துக்கு மாத்தினால் எவ்வளவு வரும்?" எண்டன்.

அவர் சொல்லுறார், "அக்கா, அப்பவே பெரிய வித்தியாசம் இல்லையே."

"எப்ப?"

"போன மாசியிலை. யதுசா தனிய வந்தவ. ட்ரைவிங் ஸ்கூல் சேர்ட்டிபிகேற்றைக் காட்டினவ. ஓடுற விதத்தை ரெலிபோன் பாத்துக்கொண்டிருக்கிற ஒரு திட்டம் இருக்கு, அதையும் போட்டு, உங்கட வானோடை ஒரே கொம்பனியிலை சேத்துப் பாத்தனான். ஸ்காபரோவிலையே நல்லாக் குறைஞ்சு வந்தது. அறை வாடகையோடை பாத்தால் வீட்டிலை இருக்கிறதுதான் லாபம். சொன்னனானே. 'யோசிச்சுச் சொல்லுறன் அண்ணா' எண்டவ. பிறகு போட் பெரி விலாசத்தோடை வந்தவ. உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

நான் ரெலிபோனை வைச்சிட்டன்.

பொய்தானே தங்கச்சி? பச்சைப் பொய். காரை என்ரை பேரிலை போடச் சொன்ன ஆள்தானே, பொய் எண்டால் அவருக்கு வழக்கம். தன்னிலை பிழை வரக்கூடாது எண்டு இப்ப பிள்ளையிலை போடுறார். அவளுக்கு வீட்டிலை இருக்க வழி இருந்திருந்தால் ஏன் போகப்போறாள்? வீட்டிலை என்ன குறை? சொல்லுங்கோ. நேரத்துக்குச் சாப்பாடு, தோய்ச்ச உடுப்பு. படுக்கேக்கையும் பக்கத்திலை நான். ஒரு சொல்லுச் சொல்லியிருப்பனோ? இவரிட்டைச் சொன்னன். தேத்தண்ணியைக் குடிச்சார். "என்னப்பா, உம்மளுக்குத் தெரியுமோ?" எண்டன். "அவளைக் கேளுமன்" எண்டுபோட்டுப் படுக்கப் போயிட்டார். எல்லாருக்கும் இது லேசு.

இந்தா, ஆஸ்பத்திரி வந்திட்டுது. இடப்பக்கம் ஒருக்காப் பாருங்கோ… சரி. இந்த வாசலிலை நிப்பாட்டுறன். உங்கட தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்திருக்கோ? அட, முதலே சொல்லியிருக்கலாமே, நான் பாட்டுக்குக் கதைச்சுக்கொண்டு வாறன். என்ன பிள்ளை? பெம்பிளைப் பிள்ளையோ! நல்லா இருக்கட்டும். லைசென்ஸ் எடுக்கிறதுக்கு இன்னும் பதினாறு வருசம் கிடக்கு, இன்சூரன்ஸுக்கு இப்பவே சேக்கத் துவங்கச் சொல்லுங்கோ.

சட்டியை அந்தச் சீற்றிலையே வையுங்கோ. பெல்ற்றை அதுக்கு மேலாலை போட்டு விடுங்கோ. ஓம், அப்பிடித்தான். இனி அங்கை போய்ச் சேரும்வரை தனியத்தான் ஓடவேணும்.

என்ன? நீங்களும் அவளையே கேக்கச் சொல்லுறியளே. கேக்கலாம். போன ஞாயிறும் கேக்கத்தான் போனனான். பக்கத்திலை இருந்து நண்டுக் காலை உடைச்சு உடைச்சு எனக்கும் தந்து சாப்பிட்டாள், நான் உப்புக் காணுமோ, கூடிப்போச்சோ எண்டு கேட்டிட்டு வந்திட்டன். காணும் எண்டாள்.

கதவை இறுக்கிச் சாத்துங்கோ தங்கச்சி. நான் கேக்கமாட்டன். கேட்டால் சொல்லிப்போடுவாள். அவளுக்குத்தான் பொய் சொல்லத் தெரியாதே.